எதிரணியின் எடை

உத்திரமேரூர்,
12 மார்ச் 2025

அன்புள்ள நிஷாவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நைனாவுக்கு முட்டிவலி. அம்மாவுக்கு வாய் வலிக்கவில்லை, அதனால் எங்களுக்குக் காதுவலி. நீ நலம் என்பது நேற்று போனில் கத்திய கத்தலிலேயே தெரிந்தது.

இனி இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் மெயிலில் எழுது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நீ அழுகிறாய், நான்காவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். விடுதியில் போனைப் பிடுங்கி வைத்தாலும் கிளப் ஆபீஸ் கம்ப்யூட்டரை யாரும் பூட்டி வைக்கவில்லையே. எழுதினால் யோசிப்பாய். அந்தப் பழக்கம் உனக்கு வந்தால் நல்லது.

பத்து ஆட்டம், ஒன்பது வெற்றி, ஒரு டிரா. உங்கள் சிறுமலை எஃப்.சி. குழுவில் முதலிடம். நைனா இதைப் பெருநகர் போகிற பஸ்ஸில் கண்டக்டர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். "எம்பொண்ணு டீமு பத்து மேட்ச்சுல ஒண்ணுகூடத் தோக்கல, தெரியுமா ஒனக்கு?" கண்டக்டர், "டிக்கெட்ட எடு பெருசு" என்றிருக்கிறான். இந்தப் பக்கத்தில் புத்தியுள்ள ஆள் அவன் ஒருவன்தான்.

யாரை ஜெயித்தீர்கள்? அதைச் சொல். ஐந்து அணிகளோடு தலா இரண்டு ஆட்டம். அதில் ஒரு அணிக்குக் கோல்கீப்பரே கிடையாது, வாலிபால் ஆடும் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று நீதான் சிரித்தாய். இன்னொரு அணி இடைவேளைக்கு அப்புறம் மூச்சுவாங்கிக் குந்திவிட்டது. வற்றிப்போன ஏரியில் இறங்கி நின்றுகொண்டு நீச்சல் சாம்பியன் என்கிறீர்கள்.

வெற்றியை எண்ணுவது சோம்பேறிகள் வேலை. யாரோடு ஆடினாய் என்று எடை போட வேண்டும். அதற்கு அட்டவணை வலு என்று பெயர். உன்னோடு மோதிய அணிகள் மொத்தம் எவ்வளவு ஜெயித்திருக்கின்றன என்று பார்த்துச் சராசரி எடுப்பது. உங்களுக்குப் போட்டுப் பார்த்தேன், 0.41. அடுத்த குழுவில் முதலாவதாக வந்த கொல்லத்து அஷ்டமுடி எஃப்.சி. ஏழு வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி. அவர்களுக்கு 0.45. கனமான ஆட்களோடு மோதி ஏழு ஜெயித்தவன் பெரியவனா, பஞ்சுமூட்டைகளோடு மோதி ஒன்பது ஜெயித்தவன் பெரியவனா? யோசி.

உடம்பைப் பார்த்துக்கொள். மூளையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்ரீகாந்த்


திண்டுக்கல்,
16 மார்ச் 2025

அண்ணா,

நான் நலம், முழங்காலில் மட்டும் தோல் போயிருக்கிறது. நைனா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீ நலமா என்று கேட்கவில்லை. இவ்வளவு திமிர் இருந்தால் உடம்பு நன்றாகத்தான் இருக்கும்.

உன் மெயிலைச் சோபியாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் கோல்கீப்பர் அவள், பழையசீவரத்துக்காரி, என் ரூமில்தான் இருக்கிறாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இன்னாடி உங்கண்ணன்! கல்யாணத்துல சோறு எப்டி கீதுன்னு கேட்டா, பக்கத்து மண்டபத்துல இன்னா போட்டான்னு பாத்துட்டு வந்துதான் ஏப்பமே வுடுவாரு போல."

பத்து ஆட்டத்தில் நாலே கோல்தான் எங்களுக்கு விழுந்தது. சோபியாவுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவள் நான். நீ ஒரு ஆட்டமாவது பார்த்தாயா?

உன் எடையெல்லாம் ஏப்ரல் ஆறாம் தேதி தெரிந்துவிடும். மேல் டிவிஷனுக்கு ஒரே ஒரு அணிதான் போக முடியும். நாங்களும் அஷ்டமுடியும் சேலத்தில் மோதுகிறோம். நாங்கள் மேலே போனால் கிளப் ஒரு வருட ஒப்பந்தம் போடும். போகாவிட்டால் மே மாதத்தோடு மூட்டையைக் கட்டச் சொல்லிவிடும். அப்புறம் அம்மா சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருக்கிற செய்யாறு செருப்புக் கம்பெனிதான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ், எட்டு மணி நேரம் நின்றுகொண்டு பசை தடவுவது. எனக்கு இருப்பது இந்த ஒரு ஆட்டம். அதனால் பஞ்சுமூட்டை என்று இன்னொரு தடவை எழுதாதே.

நீ இப்போது என்ன வேலை செய்கிறாய்? அம்மா கேட்டால் "கம்ப்யூட்டர பாத்துக்கினே கீறான்" என்கிறாள்.

அம்மாவுக்கும் நைனாவுக்கும் என் அன்பு. உனக்கு மீதி இருந்தால்.

நிஷா


உத்திரமேரூர்,
24 மார்ச் 2025

நிஷா,

எல்லோரும் நலம். ஒத்தடம் கொடுத்தாயிற்று. முட்டி சரியாகிவிட்டதா என்று கேட்டால் நைனா உன் டீமைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்.

உன் ஆட்டங்களில் இரண்டை வீடியோவில் பார்த்தேன். ஒன்றில் தூங்கிவிட்டேன். நாலு கோல்தான் விழுந்தது என்று பெருமையடிக்கிறாய். பந்து உங்கள் பக்கம் வந்தால்தானே கோல் விழும். அந்தச் சோபியா ஒரு ஆட்டத்தில் கம்பத்தில் சாய்ந்துகொண்டு தலை பின்னுகிறாள். கல்யாணச் சோறு தெரிந்த அளவு அவளுக்குக் கால்பந்து தெரிந்தால் தேவலை.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். பெங்களூர்க் கம்பெனி விளையாட்டுப் புள்ளிவிவரங்களை அனுப்பும், நான் வீட்டில் உட்கார்ந்து அலசி அனுப்புவேன். ஏனாத்தூர் காலேஜில் நாலு வருடம் படித்தது அதற்குத்தான். இப்போது ஒரு லீக் வேலை வந்திருக்கிறது. விவரம் சொல்ல அனுமதியில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் ஆறு, சேலம் என்று ரொம்ப நம்பிக்கொண்டிருக்காதே.

ஸ்ரீகாந்த்


திண்டுக்கல்,
3 ஏப்ரல் 2025

அண்ணா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

சேலம் ஆட்டம் இல்லை. மைதானம் கிடைக்கவில்லையாம், மேல் டிவிஷனின் தேதி நெருங்கிவிட்டதாம். இரண்டு குழுக்களிலும் முதலாவதாக வந்தவர்களில் யார் மேலே போவது என்பதை லீக் கமிட்டி காகிதத்திலேயே முடிவு செய்யப்போகிறது. யாரோ ஒரு கம்பெனியிடம் கொடுத்திருக்கிறார்களாம். அவர்கள் எதை வைத்துச் சொல்வார்கள் தெரியுமா? அட்டவணை வலு.

ஆட்டம் நடக்காது என்று உனக்கு முன்னாலேயே எப்படித் தெரியும்? அந்தக் கம்பெனியில் உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பேச முடியுமா? தயவு காட்ட வேண்டாம், எங்களை ஆட விடச் சொல்.

சீக்கிரம் பதில் போடு.

நிஷா


திண்டுக்கல்,
17 ஏப்ரல் 2025

அண்ணா,

பதினான்கு நாள் ஆயிற்று. போன் செய்தால், "அண்ணன் மாடில கீறான், டவர் கெடைக்கலியாம்" என்று அம்மா சொல்கிறாள். மாடியில்தான் டவர் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நேற்று முடிவு வந்துவிட்டது. அஷ்டமுடி மேலே போகிறது. கமிட்டி அனுப்பிய அறிக்கையை மேனேஜர் எங்கள் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். "அஷ்டமுடி: 0.45. சிறுமலை: 0.41." அதற்கு மேல் எனக்கு எதுவும் காதில் விழவில்லை. மார்ச் பன்னிரண்டாம் தேதி நீ எனக்கு எழுதிய அதே நாற்பத்தொன்று, அதே நாற்பத்தைந்து.

நீதானே?

நம் ஊர்க் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்களே, குடத்தில் ஓலை போட்டு ஒரு சின்னப்பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. அப்படி எடுத்திருந்தால்கூட எங்களுக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கும்.

இங்கே யாரிடமும் சொல்லவில்லை, சோபியாவைத் தவிர. அவள் திட்டவில்லை. இதை மட்டும் கேட்டாள்: "ஏண்டி, அவுங்கள தோக்கடிச்சது நாம. தோத்ததால அவுங்க சொத்தை. சொத்தைய ஜெயிச்சதால நாமளும் சொத்தையா? அப்ப நாம ரெண்டு மேட்ச்சு தோத்துட்டு வந்திருந்தா மேல போயிருப்போமா?"

பதில் உனக்குத் தெரிந்தால் அவளுக்குச் சொல். எனக்கு எழுத வேண்டாம்.

நிஷா


உத்திரமேரூர்,
26 ஏப்ரல் 2025

நிஷா,

எல்லோரும் நலம்.

நான்தான். கம்பெனி என்னிடம் கொடுத்த லீக் உங்கள் லீக். சொல்ல அனுமதியில்லை, சொல்லவில்லை. தங்கச்சி ஆடுகிறாள் என்பதற்காகக் கணக்கை வளைக்கச் சொல்கிறாயா? அப்படி வளைத்து மேலே போனால் உனக்குச் சோறு இறங்குமா? வேறு எவனாவது செய்திருந்தாலும் இதே எண்தான் வந்திருக்கும். எண்ணுக்கு அண்ணன் தங்கை கிடையாது.

அஷ்டமுடியை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஓடுகிற வேகம் வேறு, அவர்கள் குழு வேறு. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

உன் தோழியின் கேள்வியைப் பற்றி: பந்தைக் கையால் பிடிக்கலாம் என்று சலுகை கொடுத்து நிறுத்தி வைத்த ஆட்கள் கணக்கைப் பற்றிப் பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. இரண்டு ஆட்டம் தோற்றிருந்தால் வலு கூடியிருக்குமாம். எதிரணி எடை எங்கே, உன் தோல்வி எங்கே. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமே கிடையாது. நாளைக்கே போட்டுக் காட்டுகிறேன், அவள் வாயை மூடட்டும்.

அம்மா உனக்குச் சுண்டைக்காய் வற்றல் அனுப்பியிருக்கிறாள். வந்ததா என்று எழுது.

ஸ்ரீகாந்த்


உத்திரமேரூர்,
27 ஏப்ரல் 2025

நிஷா,

அவள் வாயை மூட வேண்டாம்.

நேற்று உட்கார்ந்து போட்டேன். காகிதத்தில், பேனாவால், ஏழாம் வகுப்புப் பையன் போடுவது மாதிரி. நீயும் போட்டுப் பார். உங்கள் குழுவில் ஆறு அணிகள், தங்களுக்குள்ளேயே ஆடின. மொத்தம் முப்பது ஆட்டம். ஒரு வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு ஆளுக்கு அரை. ஆக, பங்குபோட இருப்பது முப்பது. நீங்கள் ஒன்பதரை எடுத்துவிட்டீர்கள். மிச்சம் இருபதரை. அதை ஐந்து பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 4.1. பத்து ஆட்டத்துக்கு 4.1 என்றால் 0.41.

புரிகிறதா? உலகத்தின் மிகச்சிறந்த ஐந்து அணிகளைக் கொண்டுவந்து உங்கள் குழுவில் போட்டிருந்தாலும், நீங்கள் ஒன்பதரை எடுத்திருந்தால் 0.41தான் வரும். அஷ்டமுடி எடுத்தது ஏழரை. அதனால் 0.45. அவர்கள் தோற்ற இரண்டு ஆட்டத்தைத்தான் நான் அவர்களுடைய வலு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தோற்று ஏழரையில் நின்றிருந்தால் உங்களுக்கும் 0.45. சோபியா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

உங்களோடு ஆடிய ஆட்டங்களைக் கழித்துவிட்டுத்தான் எதிரணியை எடை போட வேண்டும். அது எனக்குத் தெரியாதது இல்லை. அந்த வரி கம்பெனியின் புரோகிராமில் இருந்தது. மார்ச் மாதம் ஓட்டினேன். பன்னிரண்டு அணிக்கும் 0.50 என்று வந்தது. எல்லோருக்கும் ஒரே எண்ணா, எங்கேயோ பிழை என்று நினைத்து அந்த வரியை நானே அணைத்துவிட்டேன். அது பிழை இல்லை. தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் குழுவுக்குள் இருந்து யார் கனம் என்று சொல்லவே முடியாது என்று அது சொன்னது. தனக்குத் தெரியாது என்பது மிஷினுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

இப்படி ஒரு மடத்தனத்தை வேறு எவனாவது செய்திருந்தால் அவனுக்கு என்ன எழுதியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதையெல்லாம் எழுதியதாக வைத்துக்கொள்.

ஸ்ரீகாந்த்


திண்டுக்கல்,
30 ஏப்ரல் 2025

அண்ணா,

வற்றல் வந்தது. நலம்.

எனக்கு எழுதி என்ன? கமிட்டிக்கு எழுது.

நிஷா


உத்திரமேரூர்,
13 மே 2025

நிஷா,

இங்கே வெயில். அம்மா நூறுநாள் வேலைக்குப் போய் மயங்கி விழுந்தாள், இப்போது நலம். நைனா உன் பேச்சை எடுப்பதில்லை.

கமிட்டிக்கு எழுதிவிட்டேன். முதலில் பெங்களூர் மேனேஜரிடம்தான் சொன்னேன். "விடப்பா, கமிட்டி ஏற்றுக்கொண்டாயிற்று, யார் பார்க்கப் போகிறார்கள்" என்றான். நாலு நாள் பார்த்தேன். அவனுக்கு அந்தக் கூட்டல் கழித்தலைப் புரியவைக்க முடியவில்லை. புரிந்திருந்தாலும் ஒன்றுதான். ஐந்தாம் நாள் கமிட்டிக்கு நேராக அனுப்பினேன். வேலை ஆரம்பத்தில் ஒரு படிவத்தில் ஒரு டிக் தப்பாகப் போட்டிருந்தேன், அதையும் சேர்த்து எழுதினேன். அது உனக்குத் தேவையில்லாத விஷயம்.

நேற்று பதில் வந்தது. அறிக்கையை எடுத்துவிட்டார்கள். மே 25, ஞாயிறு, சேலம். ஒரே ஆட்டம். ஜெயிக்கிறவர்கள் மேலே.

ஆட வைத்துவிட்டேன் என்று சந்தோஷப்படாதே. உங்கள் குழு பஞ்சுமூட்டை என்று நான் இன்னும் நினைக்கிறேன். யாரோடு ஆடினாய் என்பது முக்கியம்தான். அதை அளக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. அஷ்டமுடியின் பதினோராம் நம்பர் பெண் இடது ஓரமாக வந்து திடீரென்று உள்ளே திரும்புவாள். உன்னை மாதிரி இரண்டு எட்டு முன்னால் வந்து நிற்கிறவர்களுக்கு அவள் எமன். பின்னாலேயே நில். கேட்கமாட்டாய், தெரியும்.

ஸ்ரீகாந்த்


திண்டுக்கல்,
19 மே 2025

அண்ணா,

நான் நலம். சோபியாவும் நலம். உன் மெயிலை அவளிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "இந்தாளு மன்னிப்பு கேக்கறதுகூட அடிக்க வர்ற மாரியே கீது" என்றாள்.

அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "கம்பெனிக்காரன் லேப்டாப்ப வாங்கிக்கினான்டி. இவன் அத்த அட்டப்பெட்டில கட்டி கொரியர்ல போட்டுட்டு வந்து, சோறு துன்னாம குந்திக்கினு கீறான். கேட்டா ஒண்ணுமில்லன்றான்." அந்தப் படிவத்தில் என்ன கேள்வி இருந்திருக்கும் என்று யோசித்தேன். லீக்கில் சொந்தக்காரர்கள் யாராவது ஆடுகிறார்களா என்றுதானே? நீ இல்லை என்று போட்டிருக்கிறாய்.

அது தப்பு. அதை நீயே சொன்னதற்காக உன்னைப் பாராட்டமாட்டேன். சோறு மட்டும் சாப்பிடு.

பதினோராம் நம்பரைப் பற்றிக் கோச்சிடம் சொன்னேன். எங்கள் பயிற்சியில் சின்னப்பையன் என்று ஒரு ஆள் உண்டு, ஐம்பது வயது, புல் வெட்டுகிறவர். அவரை இடது ஓரமாக ஓடவிட்டு உள்ளே திரும்பச் சொல்லிப் பழகுகிறோம். மூச்சு வாங்குகிறது, ஆனால் திரும்புகிறார்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு வராதே. நீ பார்க்கிறாய் என்று தெரிந்தால் நான் தப்பு செய்வேன்.

நிஷா


சேலம்,
26 மே 2025

அண்ணா,

எனக்கு உடம்பெல்லாம் வலி, வேறு குறையில்லை. அம்மா வெயிலில் போக வேண்டாம் என்று சொல். நைனாவிடம் நானே வந்து சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

தோற்றோம். 1-3.

பத்து ஆட்டத்தில் நாலு கோல் விழுந்த எங்களுக்கு நேற்று முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று. பதினோராம் நம்பர் நீ சொன்னபடிதான் வந்தாள், நீ சொன்ன இடத்தில்தான் திரும்பினாள். நான் பின்னாலேயேதான் நின்றேன். ஆனால் நீ வீடியோவில் பார்த்த வேகம் இல்லை அது. அவள் திரும்புவது எனக்குத் தெரிகிறது, என் இடுப்பு திரும்புவதற்குள் அவள் போய்விடுகிறாள். இந்த வருடம் முழுக்க எங்களோடு ஆடிய யாரும் என்னை அப்படித் திரும்ப வைக்கவில்லை. திரும்பத் தெரியாது என்பதே எனக்கு நேற்றுதான் தெரிந்தது. சோபியா பதினாறு பந்தைத் தடுத்தாள். உள்ளங்கை வீங்கிப்போனவளைத்தான் கூட்டிவந்தோம். அவள் தலை பின்ன நேரமே இல்லை.

இடைவேளைக்கு அப்புறம் அவர்களை ஒரு கோல்கூடப் போட விடவில்லை. ஒன்று நாங்கள் போட்டோம். அதற்குள் எனக்கு எங்கே நிற்க வேண்டும் என்று புரிய ஆரம்பித்துவிட்டது. புரிந்தபோது நேரம் முடிந்துவிட்டது.

நீ மார்ச் மாதம் எழுதியது நிஜம். எங்கள் எதிரணிகள் பஞ்சுமூட்டைகள்தான். ஆனால் அது உனக்குத் தெரியாது. உன் கையில் இருந்தது ஒரு தப்புக் கணக்கும் அதற்கு மேல் கொஞ்சம் திமிரும். எனக்குத்தான் தெரியும். நான் அங்கே நின்றேன்.

கிளப் இன்று காலை எங்கள் கணக்கை முடித்துவிட்டது. ஒப்பந்தம் இல்லை. ஜூன் முதல் செருப்புக் கம்பெனிக்கு வருகிறேன் என்று அம்மா சூப்பர்வைசரிடம் சொல்லட்டும். ஜூலை இருபத்திரண்டாம் தேதி கொல்லத்தில் அஷ்டமுடிக்காரர்கள் புது ஆட்களைத் தேர்வு செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். அன்றைக்கு லீவு கொடுக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிடுவேன். இதை அம்மாவிடம் சொல்லாதே. அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் ஒருவர் என் இடது பக்கமாக ஓடிவந்து உள்ளே திரும்ப வேண்டும். ஊரில் வேலையில்லாமல் குந்தியிருக்கும் ஆள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். நீ கால்பந்து ஆடி நான் பார்த்ததே இல்லை. பரவாயில்லை, கற்றுக்கொள்.

புதன்கிழமை மதியம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். வந்து நில். மூன்று கோலும் எப்படி விழுந்தது என்று நான் சொல்லி முடிக்கிறவரை நீ வாயைத் திறக்கக் கூடாது.

நிஷா